மாதம் இரண்டு லட்சம் வரை மறைக்க ஒன்றுமில்லை, டாக்டர்

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு, அல்லது குடும்ப மருத்துவத்தில் ஒரு டி.என்.பி.யும் முடித்துவிட்டு, திருமங்கலத்திலோ மேலூரிலோ செல்லூரிலோ போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதுரையில் ஆடிட்டர். என்னிடம் ரிட்டர்ன் போட வருகிறவர்களில் டாக்டர்கள் கணிசம். பெரிய ஸ்பெஷலிஸ்டுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் உண்டு. காய்ச்சல், சளி, சுகர், பிரஷர் என்று தெருவே நம்பி வரும் ஜெனரல் டாக்டருக்குத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அவருக்கு வரியைப் பற்றிக் கிடைக்கும் பாடம் பெரும்பாலும் ஒரு சீனியர் சொன்னதாக இருக்கும்: "கிளினிக் காசையெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காதப்பா. ஆஸ்பத்திரியில டி.டி.எஸ். பிடிக்கிறாங்கல்ல, அதை மட்டும் காட்டு." (டி.டி.எஸ். என்பது பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வரி.)

இந்த யோசனை சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். ஆனால் இதனால் காசும் மிச்சமாவதில்லை. அது பலருக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாக்டர் ஒருவர் காலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கன்சல்டன்டாக இருக்கிறார். மாதம் 80,000 ரூபாய். ஆண்டுக்கு 9,60,000. சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுப்பதால், 194ஜே பிரிவின்படி நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார்கள். ஆக 96,000 ரூபாய் டி.டி.எஸ். போகிறது. சாயங்காலம் அனுப்பானடியில் சொந்தக் கிளினிக். ஃபீஸ் 150 ரூபாய், ஒரு நாளைக்கு முப்பது பேர், மாதம் 25 நாள். மாதத்துக்கு 1,12,500, ஆண்டுக்கு 13,50,000. இரண்டையும் சேர்த்தால் மொத்த வரவு 23,10,000 ரூபாய்.

இதில் எவ்வளவு வரி? 2025-26 நிதியாண்டுக் கணக்கில், ஒரு ரூபாய்கூட இல்லை.

காரணம் 44ஏடிஏ என்ற பிரிவு. 2016 நிதிச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர் போன்ற தொழில்காரர்களின் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வருவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாவிட்டால் அந்த வரம்பு 75 லட்சம். மீதிப் பாதி வாடகை, கரண்ட், சிஸ்டர் சம்பளம், பஞ்சு, ஊசி என்று செலவாகிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. பில் கேட்பதில்லை, தணிக்கை கேட்பதில்லை. நம் டாக்டருக்கு 23,10,000-ல் பாதி 11,55,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி, அதாவது 60,000 ரூபாய் வரை, மொத்த வரியையும் துடைத்துவிடுகிறது. பிடித்த 96,000 முழுசாக ரீஃபண்டாக அவர் பேங்க் கணக்குக்குத் திரும்பி வரும்.

இப்போது சீனியர் சொன்னபடி செய்தால் என்ன ஆகும் பாருங்கள். கிளினிக்கை மறைத்து ஆஸ்பத்திரிப் பணத்தை மட்டும் காட்டுகிறார். 9,60,000-ல் பாதி 4,80,000. வரி இல்லை. 96,000 ரீஃபண்ட்.

இரண்டிலும் கைக்கு வருவது ஒரே தொகை. பதிமூன்றரை லட்சத்தை ஒளித்து வைத்ததற்குக் கிடைத்த கூலி பூஜ்யம். மாத வரவு இரண்டு லட்சம் வரை, வேறு வருமானம் இல்லாத தனித் தொழில் டாக்டருக்கு இதே நிலைமைதான். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டினால், "சார், நிஜமாவா? அப்ப நான் எதுக்கு இத்தனை நாள் பயந்துக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்பார். எனக்கும் அந்தக் கேள்விதான் வருத்தமாக இருக்கிறது.

ஒளித்ததால் வரும் இழப்பு அப்புறம் தெரியும். ஊமச்சிகுளம் பக்கம் வீடு வாங்க நினைத்த ஒரு டாக்டர் கடனுக்குப் போனார். பேங்கில் மூன்று வருட ரிட்டர்ன் கேட்டார்கள். மூன்றிலும் ஐந்து லட்சத்துக்குள்தான் வருமானம். மேனேஜர் அவரிடமே வைத்தியம் பார்த்தவர். "டாக்டர், உங்க கிளினிக் கூட்டத்தில டோக்கன் வாங்கிட்டு நானே உட்கார்ந்திருக்கேன். ஆனா பேப்பர்ல என்ன இருக்கோ அதை வச்சுத்தான் நான் லோன் போட முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்ட தொகையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனாலும் இதே கதைதான். எவ்வளவுக்குக் காப்பீடு தரலாம் என்பதை ரிட்டர்னைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். விபத்தில் டாக்டருக்கு ஏதாவது ஆகி, குடும்பம் இழப்பீடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால், அங்கேயும் முதலில் பார்ப்பது ரிட்டர்ன் வருமானம்தான். கிளினிக் வரவை மறைப்பவர் தன் குடும்பத்தின் பாதுகாப்பைத்தான் சுருக்கிக்கொள்கிறார்.

அப்புறம், மறைத்த பணத்தை எங்கே வைப்பது? சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம், அதற்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் பேங்கே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். ஒத்தக்கடையில் 30 லட்சத்துக்கு மனை பதிந்தால் பத்திரப் பதிவு அலுவலகம் தெரிவிக்கும். ஏ.ஐ.எஸ். என்ற வருமான வரித் துறை அறிக்கையில் இவை எல்லாம் உங்கள் பான் எண்ணின் கீழ் வந்து உட்கார்ந்திருக்கும். பீபீகுளத்து வருமான வரி அலுவலகத்திலிருந்து யாரும் கிளம்பி வந்து விசாரிக்க வேண்டியதே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தரும் பிரிவு எண்களும் தொகைகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன. ஆனால் பேச்சில் எல்லோரும் 44ஏடிஏ, 194ஜே என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது வரவு எழுதுவது. 44ஏடிஏ-வில் போகிறவர் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மொத்த வரவு எவ்வளவு என்று தெரியாமல் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லாபுரத்தில் ஒரு டாக்டரம்மா வைத்திருக்கும் நோட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீள வாக்கில் கோடு போட்ட சாதாரண லாங் சைஸ் நோட்டு. வெளியே டோக்கன் கொடுக்கும் பெண்தான் எழுதுவாள். முதல் பத்தியில் டோக்கன் எண், அடுத்து ரொக்கம், அடுத்து ஜிபே, கடைசியில் குறிப்பு. மூன்று நாளுக்குள் திரும்பி வந்தவருக்கு ஃபீஸ் கிடையாது, அங்கே 'ம' என்று மட்டும் இருக்கும், மறுவிசிட் என்று அர்த்தம். "அப்புறமா தாரேன் டாக்டரம்மா" என்று போனவருக்கு 'பாக்கி'. பழைய டீச்சர், பக்கத்து வீட்டுப் பாட்டி போன்றவர்களுக்கு ஒரு கோடு. ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கூட்டிப்போட்டு, ரொக்கத்தை எண்ணிச் சரிபார்த்து, டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார். அவருடைய ரிட்டர்ன் போட எனக்கு அதிக நேரம் ஆவதே இல்லை.

அந்த 'பாக்கி' பத்தியையும் கோடு போட்ட பத்தியையும் கவனியுங்கள். டாக்டர்கள் பெரும்பாலும் ரொக்க முறையில், அதாவது கைக்கு வந்ததைத்தான், கணக்கு வைக்கிறார்கள். வராத பணம் வரவு இல்லை. இலவசமாகப் பார்த்த வைத்தியத்துக்கு வரி கிடையாது. வராத ஃபீஸையும் சேர்த்து யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம் சிலருக்கு இருக்கிறது. வேண்டாம்.

கிளினிக் மேஜையில் ஒட்டும் க்யூ.ஆர். ஸ்டிக்கரைத் தனியாக ஒரு பேங்க் கணக்குக்கு வாங்கி ஒட்டுங்கள். மளிகைக்கும் சீட்டுக்கும் ஓ.பி. வரவுக்கும் ஒரே கணக்கு என்றால் மார்ச்சில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பொதுவாக 44ஏடிஏ-வுக்கு வெளியே போகிறவர்களுக்கு விதி கடுமை. 6எஃப் விதியில் டாக்டர்களுக்கென்றே 3சி என்று ஒரு தினசரிப் பதிவேடு இருக்கிறது: தேதி, வரிசை எண், நோயாளி பெயர், என்ன வைத்தியம், எவ்வளவு ஃபீஸ், எப்போது வாங்கியது. ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் இருப்பில் உள்ள மருந்துப் பட்டியலும் வேண்டும். வில்லாபுரம் நோட்டைப் பழகியவருக்கு நாளை இந்த நிலை வந்தாலும் சிரமம் இருக்காது.

அடுத்து, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும்போது எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கிறோம், எந்தக் கணக்கில் தருவீர்கள் என்று கேட்பதில்லை. அதே 80,000 சம்பளமாக வந்தால் கணக்கு அடியோடு மாறும். சம்பளத்துக்கு 75,000 நிலையான கழிவு மட்டும்தான். 9,60,000-ல் அது போக 8,85,000. கிளினிக் வரவில் பாதி 6,75,000. மொத்தம் 15,60,000. தள்ளுபடி வரம்பைத் தாண்டிவிட்டதால் வரி 1,14,000, அந்த வரியின் மேல் போடும் கூடுதல் வரியான செஸ் சேர்த்து 1,18,560 ரூபாய். முன்பு பூஜ்யமாக இருந்த அதே டாக்டர்தான்.

இதைப் படித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி எச்.ஆரிடம் போய் 194ஜே-யில் மாற்றித்தரச் சொல்லாதீர்கள். நேரம் குறித்த டியூட்டி, லீவு விண்ணப்பம், வெளியே பிராக்டீஸ் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் இருந்தால் அது வேலைதான், பேப்பரில் என்ன பெயர் எழுதினாலும். துறையும் தீர்ப்பாயங்களும் ஒப்பந்தத்தின் தன்மையைத்தான் பார்க்கின்றன. தவிர, சம்பளத்தோடு பி.எஃப். வரும், கிராஜுவிட்டி வரும், பெண் டாக்டர்களுக்கு மகப்பேறு விடுப்பு வரும். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் ஒரு டாக்டருக்கு 1,18,560-ஐ விட அந்த விடுப்பு பெரியது. நான் அவரைச் சம்பளத்திலேயே இருக்கச் சொல்வேன்.

அரசு டாக்டர்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் டியூட்டி நேரம் போக அவர்கள் வெளியே பிராக்டீஸ் செய்யலாம். உசிலம்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, சாயங்காலம் ஊருக்குள் கிளினிக் என்று பலர் இருக்கிறார்கள். ஆண்டுச் சம்பளம் 12 லட்சம், கிளினிக் வரவு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தை மட்டும் பார்த்தால் கழிவு போக 11,25,000, வரி இல்லை, அதனால் அலுவலகத்தில் எதுவும் பிடிக்க மாட்டார்கள். கிளினிக்கின் நான்கு லட்சத்தைச் சேர்த்ததும் 15,25,000 ஆகி, செஸ்ஸோடு 1,13,100 ரூபாய் வரி வந்து நிற்கும். மொத்தத்தையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இங்கேதான் மறைக்கும் ஆசை நிஜமாகவே வரும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் 20 லட்சம் வரவுக்கு 1,13,100 என்றால் நூற்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. அரசு வேலையில் இருப்பவர் ஆறு ரூபாய்க்காகத் துறை விசாரணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா?

கட்டும் நேரம் முக்கியம். டி.டி.எஸ். போகப் பத்தாயிரமோ அதற்கு மேலோ வரி பாக்கி நின்றால் அட்வான்ஸ் டேக்ஸ் உண்டு. மற்றவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். தொழில் வருமானத்தை 44ஏடிஏ-வில் காட்டுகிறவருக்கு அதற்கு மார்ச் 15 ஒரே தவணை. தாண்டினால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று வட்டி. அரசு டாக்டர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கிளினிக் வருமானத்தைச் சம்பள அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக் காய்ச்சல் கூட்டம் அலைமோதும். அந்த மாத கலெக்ஷனில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கிறவருக்கு மார்ச் 15 ஒரு சாதாரண நாள்தான்.

12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் 60,000 கட்ட வேண்டும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அப்படி இல்லை. வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500. ஆனால் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதால் கட்டுவது 10,000, அதோடு செஸ். ஆனால் ஷேர் விற்ற லாபத்தின் மீது வரும் சிறப்பு விகித வரிக்கு 87ஏ தள்ளுபடி உதவாது. டியூட்டி ரூமில் உட்கார்ந்து டிரேடிங் செய்கிற தம்பிகள் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதம் வந்தால் பாலிசி விற்க வருவார்கள். கூடப் படித்தவரின் அண்ணன், பேங்க் ரிலேஷன்ஷிப் மேனேஜர், மாமா முறையில் ஒருவர். "வரி மிச்சமாகும் டாக்டர்" என்பார்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு பாலிசி, சேமிப்புக்கான 80சி கழிவு கிடையாது, மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கான 80டி கழிவும் கிடையாது. ஒன்றரை லட்சம் கட்டினாலும் வரியில் ஒரு பைசா குறையாது. பழைய முறைக்குப் போனால் குறையுமே என்று கேட்கலாம். கல்விக் கடன் பெரிதாக உள்ள டாக்டர்கள் இதை ஆர்வமாகக் கேட்பார்கள், 80இ பிரிவில் வட்டிக்கு உச்சவரம்பே இல்லை என்பதால். சரி, அதையும் பார்ப்போம். வருமானம் 11,55,000. வட்டி மூன்று லட்சம், 80சி ஒன்றரை லட்சம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 25,000. எல்லாம் கழித்தால் 6,80,000. பழைய முறையில் வரி 48,500, செஸ் தனி. புதிய முறையில் பூஜ்யம். வருமானம் 20 லட்சம் என்று வைத்து அதே கழிவுகளோடு போட்டாலும் பழைய முறையில் 2,70,000, புதிய முறையில் 2,00,000. அதனால் இளம் ஜெனரல் டாக்டர் வரிக்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. டெர்ம் இன்ஷூரன்ஸும் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் அவசியம் எடுங்கள், ஆனால் வீட்டுக்காக எடுங்கள். மீதிக் காசில் கல்விக் கடனை அடையுங்கள். அந்த வட்டி விகிதத்துக்கு ஈடான லாபத்தை உறுதியாகத் தரும் எந்தப் பாலிசியையும் நான் பார்த்ததில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் தரும் பரிசு, டூர், சாம்பிள் பற்றியும் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை முதல் 194ஆர் பிரிவில் டி.டி.எஸ். பிடித்து உங்கள் பான் எண்ணில் ஏற்றிவிடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்கு இப்படிக் கொடுப்பதைக் கம்பெனிகள் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டது. லேப், ஸ்கேன் கமிஷனை 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளே தடை செய்கின்றன. இதில் வரித் திட்டமிடல் என்று ஒன்றும் இல்லை. வாங்காதீர்கள்.

வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைகளுக்குப் பொதுவாக இல்லை. கிளினிக்கோடு ஒட்டி மெடிக்கல் வைத்தால் அது தொழில் அல்ல, வியாபாரம், தனிக் கணக்கு வேண்டும். மாநகராட்சியின் தொழில் வரி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது, அரையாண்டுக்கு ஒருமுறை கட்டிவிடுங்கள்.

கிளினிக் வளர வளர 44ஏடிஏ பொருந்தாமல் போகும் கட்டம் வரும். கே.கே.நகரில் பெரிய இடம், இரண்டு சிஸ்டர், ஒரு லேப் டெக்னீஷியன், அனலைசர் மெஷின் என்று ஆகும்போது உண்மைச் செலவே பாதியைத் தாண்டிவிடலாம். அப்போது பாதிக்குக் குறைவாக வருமானம் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முழுக் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழியாது, அதனால் வாடகையை பேங்க் வழியாகவே கொடுத்துப் பழகுங்கள். மெஷின் விலையில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்தைத் தேய்மானச் செலவாகக் கழிக்கலாம், கம்ப்யூட்டருக்கு நாற்பது. அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். மெஷின் வாங்குவதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள், அதுவும் ஆடி, ஆவணிக்குள். செப்டம்பர் கடைசிக்குள் கிளினிக்கில் ஓட ஆரம்பித்துவிட்டால் முழுத் தேய்மானமும் அந்த வருடமே கிடைக்கும்.